அந்தக் கை இன்னைக்கு வருமா?

தென்காசிக்கு வந்த புதிதில், என் அறைக் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, "பழைய டாக்டர் இல்லியா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்களை வைத்துத் தனியாக ஒரு ஆஸ்பத்திரியே நடத்தியிருக்கலாம். உள்ளே வந்து உட்கார்ந்தவர்களும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மேஜைமேல் இருக்கும் என் கையைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த சர்ஜன் கைராசிக்காரர். ஆய்க்குடியிலிருந்தும் கடையத்திலிருந்தும் பஸ் ஏறி அவர் கைக்காகவே வந்தார்கள். அவர் கத்தி வைத்தால் சீழ் பிடிக்காது, தையல் பிரியாது, அவர் தொட்ட பிள்ளை பரீட்சையில்கூடப் பாஸாகிவிடும் என்று ஒரு அம்மாள் என்னிடமே சொன்னாள். வயதாகி, மகனோடு இருக்க அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நாற்காலி எனக்கு வந்தது, ராசி அவரோடு விமானம் ஏறிவிட்டது. படித்த பட்டத்தையும், அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த அனுபவத்தையும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். கைராசியை ஊர்தான் தர வேண்டும். ஊர் எனக்குத் தருவதாகத் தெரியவில்லை.

அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே இருந்த வீட்டை அண்ணன் விற்றுவிட்டான். ஆகவே தென்காசியை விட்டால் எங்கே போவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. ஆஸ்பத்திரி நடத்துகிறவர் நல்ல மனிதர். ஒருநாள் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்: "அடுத்த குத்தாலச் சீசன் முடியிறதுக்குள்ள ஆபரேசன் தியேட்டருக்கு ஆள் வரலேன்னா, பிரசவத்த மட்டும் வச்சுக்கிடலாம்னு இருக்கோம் டாக்டரம்மா. இப்பம்லாம் யாரு வயித்தத் தெறக்க வாரா? ஓட்ட போட்டுப் பண்ணுதாவன்னு திருநவேலிக்குத்தான ஓடுதாவ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வயிற்றைத் திறந்து செய்வதில்தான் நான் தேர்ந்தவள். சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே செய்யும் ஆபரேஷனை அரைகுறையாகத்தான் பழகியிருந்தேன். வேலையை விட்டுவிட்டுப் பெரிய ஊரில் போய் மறுபடி மாணவியாக உட்காரவும் வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து நடத்தும் ஒரு பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு கண்ணாடி.

கண்ணாடி என்றால் மூக்குக் கண்ணாடி இல்லை. வெல்டிங் பட்டறையில் முகத்துக்கு மாட்டுவார்களே, அந்த அளவுக்குப் பெரியது. மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் சுவர், மேஜை, ஆள் எல்லாம் எப்போதும்போல் தெரியும். அவற்றின் மேல், இல்லாத ஒன்றையும் சேர்த்துக் காட்டும். என் சாப்பாட்டு மேஜையில்தான் முதலில் பழகினேன். நான்கு பேர் உட்காரும் மேஜை. வாங்கும்போது ஏன் நான்கு பேருக்கு வாங்கினேன் என்று தெரியாது. சாயங்காலம் வந்து, ஒரு தட்டில் எதையாவது போட்டுச் சாப்பிட்டு, தட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டினால், மேஜைமேல் ஒரு வயிறு மிதக்கும். கையை நீட்டி ஈரலைத் தூக்கினால் கீழே பச்சையாகப் பித்தப்பை தெரியும். தப்பான குழாயைத் தொட்டால் மொத்தமும் சிவப்பாகிவிடும். சிவப்பாகாமல் ஒரு சாயங்காலம் கழிய எனக்கு நெடுநாள் பிடித்தது.

கீழ் வீட்டு அக்கா ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் படியில் என்னை நிறுத்தினாள்.

"தப்பா நெனச்சுக்கிடாதீய டாக்டரம்மா. சாயந்தரமானா காத்துல கைய கைய ஆட்டுதீயளே, என்னமும் வேண்டுதலா?"

"ஈரலத் தூக்கிப் பிடிக்கேன்க்கா."

"வெளையாடாதீய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் என் வாசல் கம்பியில் திருநீறுப் பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. நான் அதைப் பூசிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மேஜையில் தேறிய பிறகு, தியேட்டரில் உண்மையான நோயாளிகள். அங்கேதான் கை வந்தது. நான் கண்ணாடியில் பார்ப்பதையெல்லாம் கோயம்புத்தூரில் இருந்த பயிற்சியாளர் தன் திரையில் பார்ப்பார். அவர் அங்கே தன் மேஜைக்கு மேல் கையை நீட்டினால், இங்கே என் கண்ணெதிரில், லேசான நீல வெளிச்சத்தில், அந்தக் கைகள் தெரியும். எங்கே துளை போட வேண்டும் என்று வயிற்றின் மேல் விரல் வைத்துக் காட்டும். எந்தச் சதையை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று காட்டும். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். "மெதுவாங்க மேடம். இன்னுங் கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க" என்று காதில் குரல் கேட்கும். முகத்தை நான் பார்த்ததே இல்லை. கேமரா அவர் கைக்கு மட்டும்தான்.

அந்தக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். வலது பெருவிரல் நகத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. பதற்றமான கட்டங்களில் சுண்டுவிரல் லேசாக மடங்கிக்கொள்ளும். எதையாவது வெட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு தடவையும், உள்ளங்கையை விரித்து என் கண்முன்னால் வைப்பார். நில்லுங்க என்று அர்த்தம். நின்று, மறுபடி எல்லாப் பக்கமும் பார்த்த பிறகுதான் அந்தக் கை விலகும். சில நேரம் என் கை போன வழி சரியில்லை என்றால், என் கையின் மேலேயே தன் கையைக் கொண்டுவந்து வைத்து, இப்படித் திருப்புங்கள் என்று காட்டுவார். எடையும் இருக்காது, சூடும் இருக்காது. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். காதல் கீதல் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் உறை மாட்டாத இன்னொருவர் கை என் கைமேல் பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். மழைக் காற்று அடித்தால் இணையம் விட்டுப்போய், நீலக் கை நோயாளியின் வயிற்றின் மேல் அப்படியே உறைந்து நிற்கும். மற்றவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் மட்டும் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன்.

வேலை முடிந்ததும் அவர் கேட்பார்: "அங்க மழைங்களா மேடம்?" சாரல் என்பேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா, வெள்ளம் என்று தடுத்துவிட்டார்களா என்று விசாரிப்பார். நான் போய்ப் பார்த்தவள்போல் பதில் சொல்வேன். உண்மையில் குற்றாலம் பக்கத்திலேயே இருந்தும் நான் குளிக்கப் போனதில்லை. தனியாக ஒரு பெண் துண்டும் சோப்புமாக அந்தக் கூட்டத்தில் நின்று, நனைந்த துணியோடு தனியாகவே திரும்பி வருவது என்ன குளியல்? ஆனால் அவர் கேட்பதற்காகவே காலையில் நர்ஸிடம் அருவி நிலவரத்தை விசாரித்து வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவருடைய இடது மணிக்கட்டில் பேனாவால் வரைந்த கைக்கடிகாரம் இருந்தது. இரண்டு முள்ளும் ஒரே நீளம். "பாப்பா வேலைங்க மேடம்" என்று சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து நான் சமைக்கவில்லை. பொறாமையாக இருந்தது. அவருக்குக் குடும்பம் இருப்பதில் எனக்கென்ன வந்தது? யாரோ ஒருத்தர் பொறுமையாக உட்கார்ந்து படம் வரையும் அளவுக்குத் தன் கையை நீட்டிக்கொண்டு இருக்க முடிகிறதே ஒரு மனிதரால், அதுதான் தாங்கவில்லை.

இதற்குள் ஊரில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பயிற்சியைப் பற்றி ஒவ்வொரு நோயாளியிடமும் முதலிலேயே விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவது வழக்கம். நான் விளக்கியதை அவர்கள் வெளியே போய் விளக்கிய விதமே வேறு. எங்கள் நர்ஸுக்குச் செங்கோட்டைப் பக்கம். அவள் வாயும் சும்மா இருக்காது. "கோயம்புத்தூர்லேருந்து ஒரு பெரிய டாக்டர் கை மட்டும் வருது. நீலமா இருக்குமாம். அதுதான் ஆபரேசன் பண்ணுது, நம்ம டாக்டரம்மா கூட நிக்கதோட சரி." படுத்தவர்கள் நல்லபடியாக எழுந்து போனார்கள். அவ்வளவுதான், அந்த நீலக் கைக்கு ராசி வந்துவிட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்கள் இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி.

"அந்தக் கை இன்னைக்கு வருமா டாக்டரம்மா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல். கத்தரியைப் பிடிப்பது நான், தையல் போடுவது நான், கால் கடுக்க நிற்பதும் நான். வெளிச்சத்தில் செய்த ஒரு கையால் ஒரு பஞ்சைக்கூடத் தூக்க முடியாது. இதை ஒரு பெரியவரிடம் கோபமாகவே சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "கோவப்படாதீயம்மா. ஒங்க கைக்கும் ஒருநாள் ராசி வரும்" என்றார்.

சீசன் தொடங்கும்போது பயிற்சி முடிந்தது. கடைசி நாள் அவர் பேசவே இல்லை, கையும் நீட்டவில்லை. முழுக்க நானாகச் செய்வதை அங்கிருந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். தையல் முடிந்ததும், "இனி நான் எதுக்குங்க மேடம்? நீங்களே பண்ணலாம்" என்றார். நீலக் கை ஒன்று மேலே வந்து டாட்டா காட்டியது. நானும் உறை மாட்டிய கையைத் தூக்கி ஆட்டினேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யாருக்கு என்று திரும்பிப் பார்த்தார். அதன்பின் கண்ணாடிக்குள் சுவரும் மேஜையும் மட்டும்தான் தெரிந்தன. அதைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வேறு ஊரில் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் என் சாப்பாட்டு மேஜை வெறும் மேஜையாக இருந்தது. வெளியே சாரல் அடித்தது. அங்கே மழையா என்று கேட்க ஆளில்லை.

கை இனி வராது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குப் பேத்தி சடங்கு, ஒருவருக்கு மனசு சரியில்லை, ஒருவர் போனையே எடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தி மட்டும் நேரில் வந்து சொன்னாள். ஐந்தருவி போகிற ரோட்டில் பழக்கடை வைத்திருந்தவள். ஐம்பதைத் தாண்டிய வயது. மங்குஸ்தான் தோலை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறை. புருஷன் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. பித்தப்பை நிறையக் கல்.

"அந்தக் கை வருதுன்னா நாளைக்கே படுத்துக்கிடுதேன் தாயி."

"வராதும்மா. நான் மட்டும்தான்."

அவள் என் கையைப் பார்த்தாள். "அப்பம் திருநவேலிக்கே போயிருதேன். ஒங்கள ஒண்ணும் சொல்லல" என்று எழுந்துகொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சீசன் களைகட்டியது. தென்காசி வழியாகக் கார்கள் குற்றாலத்துக்கு வரிசையாகப் போயின. தியேட்டர் பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரி நடத்துகிறவர் இரண்டாவது முறை காபி வரவழைக்கவில்லை, ஆனால் பிரசவ வார்டுக்குக் கூடுதல் கட்டில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். வேலை தேடி எந்த ஊருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில், பழக்கடைக்காரியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் இறக்கிவிட்டு, கடையில் ஆளில்லை என்று அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார். அவளுக்குக் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை.

"திருநவேலிக்குப் போவலியா?"

"போனேன். கூட ஆரு இருக்கான்னு கேட்டாவ. ஒரு ஆள் இல்லாமச் சேக்க மாட்டாவளாம். நான் ஆருக்குச் சொல்லட்டும்? சரி, சீசன் முடியட்டும்னு வந்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இப்பம் வேற வழி இல்ல தாயி. அதான் இங்கன வந்தேன்."

வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தவள். அதையும் ஒளிக்காமல் சொல்கிறாள். மருந்து ஏற்றினோம். மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவு செய்தேன். தள்ளிப்போட்டால் பித்தப்பை உடைந்துவிடும் நிலையில் இருந்தது. கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், மகனிடம் போனில் பேசிக் கேட்டுவிட்டு, நர்ஸே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

காலையில் தியேட்டருக்குத் தள்ளிப்போகும் முன் பழக்கடைக்காரி என் கோட்டைப் பிடித்தாள். "அந்தக் கண்ணாடியவாது மாட்டிக்கிடுங்க தாயி."

கண்ணாடிப் பெட்டி இன்னும் கூரியருக்குப் போகாமல் என் அறை அலமாரியில்தான் இருந்தது. நர்ஸ் என்னைத் தனியே இழுத்தாள். "சும்மா மாட்டிக்கிடுங்க டாக்டரம்மா. அவியளுக்கு என்ன தெரியப் போவுது? ஒரு தைரியந்தான?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே யாரும் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ இருப்பதுபோல் நான் நடிக்க வேண்டுமா? நான்கு பேர் மேஜையில் யாரோ வரப்போவதுபோல் வீட்டில் அதைத்தானே செய்கிறேன், இங்கேயுமா? திரும்பி வந்து பழக்கடைக்காரியின் கட்டிலோரம் நின்றேன்.

"அதுக்குள்ள இப்பம் யாரும் இல்லம்மா. மாட்டினா எனக்குத்தான் கண்ணை மறைக்கும். வயித்தத் தெறந்து நான் நெறையப் பண்ணியிருக்கேன். ஓட்ட போட்டு, யாரும் பாக்காமத் தனியாப் பண்ணுதது ஒங்களுக்குத்தான் மொதல். சிக்கலா இருந்தா தெறந்து எடுத்துருவேன். வேண்டாம்னா இப்பமே சொல்லுங்க, கூட நானே ஆம்புலன்ஸ்ல திருநவேலிக்கு வாரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக என் முகத்தை.

"பண்ணுங்க. நீங்க பயப்படாதீய" என்றாள்.

பித்தப்பை வீங்கி, சுற்றியிருந்ததெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுக்க எடுக்க முதுகில் வியர்வை ஓடியது. கடைசியில் இரண்டு குழாய்கள் தெரிந்தன. கிளிப் போட்டு வெட்ட வேண்டிய இடம். இங்கே தப்பான குழாயை வெட்டினால் அவள் வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டியதுதான். என் கண் தானாகவே டிவிக்கு முன்னாலிருந்த வெற்றிடத்துக்குப் போனது. விரித்த உள்ளங்கை வரும் இடம். வரவில்லை. வராது என்று தெரிந்தே பார்த்தேன். அந்தத் தியேட்டரில் நர்ஸ் இருந்தாள், மயக்க மருந்து டாக்டர் இருந்தார், வெளியே ஒரு ஊரே சீசனுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தது. அத்தனை தனியாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

"நில்லு" என்று சத்தமாகச் சொன்னேன்.

நர்ஸ் நிமிர்ந்தாள். "ஆருகிட்ட பேசுதீய?"

"என்கிட்டத்தான்."

நின்றேன். பித்தப்பையை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு குழாய்களும் பித்தப்பைக்குள்தான் போகின்றன, வேறு எதுவும் இல்லை. மறுபடி பார்த்தேன். பிறகு வெட்டினேன்.

மயக்கம் தெளிகிற நேரத்தில் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அந்தக் கை வந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்பம் ஆரு பண்ணுனா?"

"நாந்தான்."

ம் என்று முனகிவிட்டுத் தூங்கிப்போனாள். நல்லபடியாக வீட்டுக்கும் போனாள். யாரும் வந்து பாராட்டவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர்கள் எப்போதும்போல எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி கூரியரில் போனது.

சீசன் முடியும் தறுவாயில் அவளிடமிருந்து போன் வந்தது. நாளைக் காலையில் கடை திறக்கிறேன், கட்டாயம் வர வேண்டும் என்றாள். தையல் இடத்தில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, வாங்க என்றாள். காலையில் ஸ்கூட்டரில் போனேன். தூறிக்கொண்டிருந்தது. ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் அடுக்கிவைத்து, ஊதுபத்தி கொளுத்தி, எடைத் தராசைத் துடைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கடைமுன்னால் வெளியூர்க் குடும்பம் ஒன்று, குளித்த ஈரத் தலையோடு, விலை கேட்டு நின்றது. அவர்களுக்கு அவள் விற்கவில்லை.

"செத்த நேரம் நில்லுங்க. போணி ஆவட்டும்" என்று அவர்களை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "வாங்க தாயி, ஒங்களுக்குத்தான் நிக்கேன்" என்றாள்.

முதல் வியாபாரத்தை யார் கையால் வாங்குவது என்பதில் கடைக்காரர்கள் எவ்வளவு கறாரானவர்கள் என்று எனக்குத் தெரியும். ராசியில்லாத கை காலையில் வந்து நின்றால் சரக்கு இல்லை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

"வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டாள், தராசைத் தூக்கிக்கொண்டே.

"நான் ஒருத்திதான்."

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டாள். அளவில்லாமல் அள்ளிப் பையில் போட்டாள். நான் நோட்டை நீட்டினேன். காத்திருந்த அம்மாள் பொறுமையிழந்து, "யாருங்க இவங்க?" என்றாள்.

"எனக்கு ஆபரேசன் பண்ணுன டாக்டரம்மா. இவிய ஒத்தையாளாத்தான் பண்ணுனாவ. நல்ல கைராசி" என்று ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, நோட்டை வாங்காமல், நோட்டோடு சேர்த்து என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கறை படிந்து, பழச்சாறு பிசுபிசுக்கும் கைகள். சூடாக இருந்தன. நல்ல கனம்.

கையை விடுங்கள், வியாபாரத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் காத்திருந்தார்கள், மழையும் வலுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அவளாக விடுகிறவரை அப்படியே நின்றேன்.